நுரை கல்லான இடம்

நொம்தாந்தாசோ ஐஸ்பெட்டியை மேஜையில் வைக்கிறாள்.
உம்பிலோ சாலையின் டாக்ஸி ஹாரன்கள்
அவளோடு கொஞ்சதூரம் உள்ளே வந்து
கதவு சாத்தியதும் நின்றுவிடுகின்றன.
மாதிரி எண் நாற்பத்தேழு.
இடது நுரையீரல், மேல்மடல்.
ஆளின் பெயர் எனக்குத் தெரியக்கூடாது, விதி.

பெயரை அவள் சொல்லவில்லை.
மற்றதெல்லாம் சொன்னாள்.
டர்பன் துறைமுகத்தில் கண்டெய்னருக்குக் கொக்கி மாட்டுகிறவர்.
பதினான்கு மாதம் மாத்திரை.
சளியில் கிருமி போகவேயில்லை.
கோப்பில் யாரோ சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள்:
'ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை.'
மயக்கமருந்து தெளிந்ததும் கேட்டாராம்,
வெட்டி எடுத்ததைக் குப்பையிலா போட்டீர்கள் என்று.
இல்லை, எண்ணப்போகிறார்கள் என்றாளாம்.

எங்களுக்கு இது அமாபாபு, உங்களுக்கு? என்றாள்.
நுரையீரல்.
நுரையாய் இருக்கிற ஈரல்.
கல்லாய் இருந்தால் கல்லீரல், மண்ணாய் இருந்தால் மண்ணீரல்.
கறிக்கடையில் உட்கார்ந்தா மொழி செய்தீர்கள்,
சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்தாள்.
ஆவி எங்கள் இருவர் முகத்திலும் அடித்தது.

வெங்காயச் சருகைவிட மெலிதாகச் சீவுகிறேன்.
ஓரத்தில் பிளேடு ஓசையில்லாமல் போகிறது.
நடுவில் கரகரக்கிறது.
நுரை அங்கே கல்லாகியிருந்தது.

ஓரம், சுவர், உள்.
மூன்று குழாய், மூன்று நிற மூடி.
திசுவைக் கரைத்து, புரதத்தை நொதியால் நறுக்கி,
ஒவ்வொன்றிலும் எடை தெரிந்த இரட்டையைச் சேர்க்கிறேன்:
அதே துண்டு, அதே வரிசை,
அணுக்கள் மட்டும் கொஞ்சம் கனம்.
கோயிலில் பிள்ளையைத் தட்டில் உட்காரவைத்து
எதிர்த்தட்டில் வெல்லம் அடுக்குவோமே
அதுதான் இதுவும்,
துலாபாரம்.
தராசு மட்டும் அறை அகலம்.

பத்து மணிக்கு மின்வெட்டு.
ஜெனரேட்டர் பிடிக்க ஏழு நொடி.
அந்த ஏழு நொடியும்
உறைபெட்டியோடு சேர்ந்து நானும் மூச்சுவிடவில்லை.

விடியற்காலை திரையில் மேடுகள் எழுந்தன.
நான் தேடியது வாசல்காரப் புரதம் ஒன்றை.
செல்லின் சவ்வில் நிற்கும்.
உள்ளே வரும் மருந்தைக் கழுத்தில் பிடித்து
வெளியே தள்ளும்.
எல்லோருக்கும் உண்டு, எனக்கும் உண்டு.
நல்ல ஓரத்தில் இருந்ததைப்போல்
மும்மடங்கு நின்றது சுவரில்.

உள்ளே ஒருவரும் இல்லை.
தடுக்கவும் ஆளில்லை, அழைத்துப்போகவும் ஆளில்லை.
செத்த செல்களின் தயிர்.
ரத்தக்குழாய் அதற்கு முன்பே
தெருமுனையில் முடிந்துபோயிருந்தது.

அடுத்து மருந்தையே தேடினேன்.
அறுவை அன்று காலை எடுத்த ரத்தத்தில்
இருக்கவேண்டிய அளவு, குறையாமல்.
ஓரத்தில் ஏறக்குறைய அதே அளவு.
சுவரில் கால்பங்கு.
உள்ளே
கருவி கோடு மட்டும் போட்டது.

மேஜைக்கு மேலே ஒரு புத்தகம் உண்டு.
எழுபது கிலோ மனிதன் ஒருவன் அதில் இருக்கிறான்.
அவன் கல்லீரல், அவன் குடல், அவன் வேளை.
அவன் உம்பிலோ சாலையில் இருமிக்கொண்டு
வரிசையில் நின்றதில்லை.

எண்களை அட்டவணையில் ஏற்றினேன்.
புரதத்துக்குக் கட்டம் இருந்தது,
மருந்துக்குக் கட்டம் இருந்தது.
சிவப்பு மைக்கு எதிராக எழுத ஒரு கட்டமும் இல்லை.

வார்டுக்குப் போன் செய்தேன்.
நொம்தாந்தாசோ எடுத்தாள், பின்னால் ஏதோ தள்ளுவண்டிச் சத்தம்.
நாற்பத்தேழிடம் சொல்,
அவர் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார் என்றேன்.

அது அவருக்கே தெரியும் என்றாள்.
டாக்டரிடம் சொல்லு.